தீவு விமானத்தளங்களில் கைவிடப்பட்ட பழைய விமானங்களைச் சாட்டிலைட் படத்தில் கண்டுபிடிப்பது எப்படி: முழு வழிகாட்டி

நிலம் அளப்பது என் தொழில். கிருஷ்ணகிரியில் பட்டா நிலங்களையும் பர்கூர்ப் பக்கத்து கிரானைட் குவாரிகளையும் அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். அதற்காகக் கூகுள் எர்த் என் கம்ப்யூட்டரில் எந்நேரமும் திறந்தே கிடக்கும். வேலை முடிந்த இரவுகளில் அதே திரையில் ஏதாவது ஒரு தீவின் ஓடுதளத்துக்குப் போய், யாரும் திரும்பிப் பார்க்காமல் நிற்கும் விமானங்களைத் தேடுவது பழக்கமாகிவிட்டது.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "இன்னும் தெளிவான படம் எங்கே கிடைக்கும்?" என்றுதான். தெளிவு இங்கே இரண்டாம்பட்சம். ஒரு படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அன்றைக்கு அந்த இடத்தில் ஒரு விமானம் நின்றது என்று மட்டும்தான் சொல்லும். அது அரை மணி நேரத்தில் கிளம்பிப் போனதா, பதினைந்து வருஷமாக நிற்கிறதா என்று சொல்லாது. பத்துப் பதினைந்து வருஷ இடைவெளியில் எடுத்த ஏழெட்டுச் சுமாரான படங்கள் கையில் இருந்தால் அது தெரிந்துவிடும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தத் தேதிக் கணக்கைச் சுற்றித்தான் போகிறது.

தீவில் மட்டும் ஏன் இத்தனை?

பெரிய நிலப்பரப்பில் ஒரு விமானம் ஓய்வு பெற்றால் எஞ்சினைக் கழற்றுவார்கள், உள்ளே இருக்கும் கருவிகளை விற்பார்கள், மிச்சம் காயலாங்கடைக்குப் போய்விடும். தீவில் அந்தக் கடைசிக் கட்டம்தான் சிக்கல். அலுமினியத்தை உருக்க அங்கே உலை இருக்காது. வெட்டி, துறைமுகம்வரை இழுத்து, கப்பலில் ஏற்றினால் கிடைக்கிற பணத்தைவிடச் செலவு அதிகம். பறக்கவைத்துக் கொண்டுபோகலாம் என்றால் எஞ்சின் ஏற்கெனவே போயிருக்கும், பெரிய பரிசோதனைக் கெடுவும் தாண்டியிருக்கும். இதற்கிடையில் கம்பெனி திவாலாகியிருக்கும், நிறுத்தக் கட்டணம் பாக்கி ஏறியிருக்கும், வழக்கு கோர்ட்டில் இருக்கும். வழக்கு முடியும்வரை விமான நிலையத்தாரும் கைவைக்க மாட்டார்கள். உப்புக்காற்று மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சில தீவுகளில் காரணம் அரசியல். சைப்ரஸ் தீவின் நிகோசியா சர்வதேச விமான நிலையம் 1974 போரில் மூடப்பட்டு, ஐ.நா. காவலில் உள்ள இடைப்பகுதிக்குள் மாட்டிக்கொண்டது. சைப்ரஸ் ஏர்வேஸின் ட்ரைடென்ட் ஜெட் ஒன்று அன்றிலிருந்து அங்கேயே நிற்கிறது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் உள்ள சாவோ தோமே தீவில், 1960-களின் கடைசியில் நைஜீரியாவின் பயாஃப்ரா உள்நாட்டுப் போரின்போது உணவு ஏற்றிப் பறந்த சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களில் இரண்டு, போர் முடிந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. விமான நிலையத்தை ஒட்டியே தங்கிவிட்டன. பசிபிக் தீவுகளில் காரணம் இரண்டாம் உலகப் போர். பஹாமாஸின் நார்மன்ஸ் கே தீவில் போதைப்பொருள் கடத்தல்: 1980 வாக்கில் ஓடுதளத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீரில் விழுந்த சி-46 சரக்கு விமானம் ஆழமில்லாத கடலில் கிடக்கிறது.

கருவிகள்

கம்ப்யூட்டரில் நிறுவும் கூகுள் எர்த் ப்ரோ போதும். ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, 2015 முதல் இலவசம். மேலே கடிகாரப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் பழைய படங்களின் தேதிப்பட்டை வரும். இப்போது பிரவுசரிலும் போனிலும் இந்த வசதி வந்துவிட்டது. ஆனாலும் அளவுகோலை வைத்து வேலை செய்ய கம்ப்யூட்டர் பதிப்புதான் சௌகரியம்.

இரண்டாவது துணை, எஸ்ரி என்ற வரைபட மென்பொருள் நிறுவனத்தின் வேபேக் தளம். 2014 முதல் அவர்கள் வெளியிட்ட ஒவ்வொரு பதிப்பும் அதில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இதில் ஒரு எச்சரிக்கை: பட்டியலில் தெரிவது பதிப்பு வெளியான தேதி, படம் எடுத்த தேதி அல்ல. படத்தின் மேல் கிளிக் செய்தால்தான் எடுத்த தேதி வரும். இதைக் கவனிக்காமல் "2016-இல் நின்றது, 2018-இலும் நின்றது" என்று எழுதுகிறவர்கள் பலர் ஒரே படத்தைத்தான் இரண்டு முறை பார்த்திருப்பார்கள்.

மூன்றாவது, ஐரோப்பாவின் சென்டினல்-2 சாட்டிலைட். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 10 மீட்டர் அகலம் என்பதால் சின்ன விமானம் தெரியவே தெரியாது. போயிங் 727 மாதிரி பெரியது நாலைந்து வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுக்கிறது, கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. பெரிய விமானம் எந்த மாதத்தில் காணாமல் போனது என்று துப்புத் துலக்க இதைவிட நல்லது இல்லை. கூகுளில் பார்க்கும் நுணுக்கமான படங்கள் வேறு ரகம். வேர்ல்ட்வியூ-3 சாட்டிலைட் எடுப்பதில் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 31 சென்டிமீட்டர், பிளேயாடஸ் சாட்டிலைட் படத்தில் 50.

தீவுக்குப் போகும் முன் உள்ளூரில் பழகுங்கள்

ஓசூர் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் ஒன்று இருக்கிறது. நீளம் 2 கிலோமீட்டருக்கு மேல். பராமரிப்புக்கு வரும் விமானங்கள் சில சமயம் ஹேங்கருக்கு (விமானக் கொட்டகைக்கு) வெளியே நிற்கும். அங்கே போய் தேதிப்பட்டையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வந்து போகும் விமானம் எப்படித் தெரிகிறது என்று முதலில் மனதில் பதிய வேண்டும்.

அதே திரையில் தளி, பாகலூர் பக்கம் நகர்ந்தால் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள் வரிசை வரிசையாக வெள்ளை வெள்ளையாக வரும். மேலிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு விமானத்தின் உடல் மாதிரியே இருக்கும். நெருங்கினால் ஓரங்கள் நேர்க்கோடு, முனைகள் சதுரம். விமானத்தின் உடல் முன்னால் மழுங்கியும் பின்னால் கூர்ந்தும் இருக்கும், பக்கத்தில் விழும் நிழலில் வால் தனியாக நீட்டிக்கொண்டு தெரியும். கிரானைட் குவாரி ஓரத்தில் அடுக்கிய வெள்ளைக் கற்களும், நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் காற்றாலை இறக்கை ஏற்றிய நீள லாரிகளும் இதே வேலையைச் செய்யும். இந்த மூன்றையும் தயங்காமல் தள்ளிவிடக் கண் பழகிய பிறகு தீவுக்குப் போங்கள்.

செத்துப்போன ஓடுதளம் எப்படி இருக்கும் என்று பார்க்க கயத்தாறு, உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு மூன்றும் போதும். மூன்றும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை. புல் மண்டினாலும் நேர்க்கோடு மறைவதில்லை.

படி 1: எந்தத் தளங்களைப் பார்ப்பது

உலகம் முழுவதையும் ஒரே மூச்சில் மேயாதீர்கள். ஒரு தீவுக்கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்ஏர்போர்ட்ஸ் என்ற தளத்தில் உலக விமானத்தளங்களின் பட்டியலை ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். மூடப்பட்ட தளங்களும் அதில் தனி வகையாகக் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நாட்டை வடிகட்டி, ஆயத்தொலைவுகளைக் கூகுள் எர்த்தில் ஏற்றினால் ஊசி குத்திய மாதிரி எல்லா இடமும் வந்துவிடும்.

என் அனுபவத்தில் கரீபியன் தீவுகளும் பிலிப்பைன்ஸும் வளமான இடங்கள். பழைய பிஸ்டன் எஞ்சின் சரக்கு விமானங்கள் அங்கே வெகுகாலம் ஓடின. நம் பக்கத்து இலங்கையைப் பார்க்க ஆசை வரும். ரத்மலானையில் வரிசையாகப் பழைய விமானங்கள் தெரியும். ஆனால் அங்கே இருப்பது இலங்கை விமானப்படையின் அருங்காட்சியகம். மேலிருந்து பார்த்தால் அருங்காட்சியகமும் கைவிடப்பட்ட இடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் தரையில்: அருங்காட்சியகத்தில் புல் வெட்டியிருக்கும், விமானங்கள் ஒழுங்கான இடைவெளியில் நிற்கும், ஒவ்வொன்றும் வேறு வேறு மாடலாக இருக்கும்.

அந்தமான் நிக்கோபார் பக்கம் வேண்டாம். போர்ட் பிளேர் ஓடுதளம் கடற்படையோடு பங்கிட்டது, கார் நிக்கோபார் விமானப்படைத் தளம். இயங்கும் ராணுவத் தளத்தில் என்ன நிற்கிறது என்று குறித்து வெளியே போடுவது இந்தப் பொழுதுபோக்கில் சேராது.

படி 2: தளத்துக்குள் எங்கே தேடுவது

டெர்மினல் முன்னால் பார்க்காதீர்கள். அந்த இடத்துக்கு வாடகை உண்டு, செத்த விமானத்தை அங்கே விடமாட்டார்கள். மூலைக்கு இழுத்துவிடுவார்கள். பயன்படுத்தாத குறுக்கு ஓடுதளத்தின் முனை, பாதியில் நிற்கும் டாக்ஸிவே (ஓடுதளத்துக்கு விமானம் உருண்டு போகும் பாதை), ஹேங்கரின் பின்பக்கம், வேலியோரப் புல்தரை, இவைதான் இடங்கள். தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னாலும் ஒரு பார்வை விடுங்கள். கருகிய வட்டத்தின் நடுவில் விமான வடிவம் இருந்தால் அது பெரும்பாலும் தீயணைப்புப் பயிற்சிக்கு வைத்தது. பல இடங்களில் அது விமானமே அல்ல, இரும்பில் செய்த மாதிரி.

போர்க்காலத் தளங்களில் கதை வேறு. பசிபிக்கின் தினியன் தீவின் வடக்குத் தளத்தில் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்களுக்காக 1944, 1945-இல் போட்ட நான்கு இணை ஓடுதளங்களும், விமானம் நிறுத்திய தனித்தனி மேடைகளும் மேலிருந்து பார்த்தால் இன்னும் பிடிபடும். விமானம் ஒன்றும் இல்லை. சாலமன் தீவுகளின் பலாலே போன்ற இடங்களில் நேர்மாறு: ஜப்பானிய விமானங்களின் மிச்சம் கிடக்கிறது, ஆனால் காடு மூடிவிட்டதால் மேலிருந்து கிளைகள்தான் தெரியும். வெப்பமண்டலத் தீவில் மரத்தடியில் கிடப்பதைச் சாட்டிலைட் காட்டாது. அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 3: தேதிகளை ஒப்பிடுவது

இந்தப் படியில்தான் அதிக நேரம் போகும், போகவும் வேண்டும்.

முதலில் ஆர் விசையை அழுத்துங்கள். பார்வை செங்குத்தாகவும் வடக்கு மேலாகவும் திரும்பும். நிலமேடு காட்டும் அடுக்கையும் 3டி கட்டிடங்களையும் அணைத்துவிடுங்கள், அவை வடிவத்தைக் கோணலாக்கும். பிறகு தேதிப்பட்டையில் மிகப் பழைய படத்துக்குப் போய் ஒவ்வொன்றாக முன்னே வாருங்கள்.

என்னிடம் வேலை பழகும் தம்பி ஒருநாள், "அண்ணா, இது 2011-லயும் இங்கதான் நிக்குது, 2019-லயும் இங்கதான் நிக்குது. கைவிட்டதுதானே?" என்றான். "ரெண்டும் ஒரே விமானம்னு உனக்கு யாருடா சொன்னது?" என்று கேட்டேன். ஒரு கம்பெனியிடம் ஒரே மாடலில் ஐந்து விமானம் இருந்தால், எல்லாம் மாறி மாறி அதே இடத்தில் வந்து நிற்கும். எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு படம் மட்டும் பார்த்தால் எதுவும் நிரூபணமாகாது.

இதற்கு நான் வைத்திருக்கும் வழி, எல்லைக்கல்லிலிருந்து அளக்கிற நில அளவை வழிதான். ஆயத்தொலைவை நம்பாதீர்கள். ஒரு தேதிப் படத்துக்கும் அடுத்த தேதிப் படத்துக்கும் முழுப் படமே சில மீட்டர் நகர்ந்து உட்கார்ந்திருக்கும். அதனால் விமானம் நகர்ந்த மாதிரித் தெரியும், அல்லது நகர்ந்தது தெரியாமல் போகும். பக்கத்தில் அசையாத ஒன்றைப் பிடியுங்கள்: ஹேங்கரின் மூலை, டாக்ஸிவே விளிம்பு, கிணற்று மேடை. அதிலிருந்து விமானத்தின் மூக்குவரை அளவுகோலால் தூரம் எடுங்கள், திசைக் கோணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே இரண்டையும் ஒவ்வொரு தேதியிலும் எடுங்கள். ஓட்டுநர் ஒருவர் ஒரு விமானத்தை மீண்டும் கொண்டுவந்து அதே மீட்டரில், அதே கோணத்தில் நிறுத்தவே மாட்டார். தூரம் அரை மீட்டருக்குள்ளும் கோணம் ஒரு பாகைக்குள்ளும் எல்லாப் படத்திலும் ஒத்துப்போனால், அது நகரவில்லை.

படங்கள் உண்மையிலேயே வேறு வேறு நாளில் எடுத்தவைதானா என்றும் பாருங்கள். நிழலின் நீளமும் திசையும், பக்கத்து வண்டிகளும், மேகமும் மாறியிருக்க வேண்டும். எல்லாம் அச்சு அசலாக இருந்தால் பழைய படமே வேறு தேதியில் வந்திருக்கிறது. சில இடங்களில் இரண்டு படங்களை ஒட்டியிருப்பார்கள். ஒட்டுக் கோடு ஓடுதளத்தின் குறுக்கே போனால் கீழே காட்டும் தேதி உங்கள் விமானம் நிற்கும் பக்கத்துடையதா என்று உறுதி செய்யுங்கள்.

எத்தனை வருஷம் நின்றால் கைவிட்டது என்று சொல்லலாம்? நான் மூன்று வருஷம், குறைந்தது நாலு படம் என்று வைத்திருக்கிறேன். 2020-இல் கொரோனாவால் உலகம் முழுக்க நல்ல விமானங்களே வருஷக்கணக்கில் நின்றன. அந்தக் காலத்துப் படங்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஏமாந்துபோவோம்.

நகராததோடு வேறு அடையாளங்களும் சேர வேண்டும். வயதோடு வருபவை இவை: சக்கரத்தைச் சுற்றிப் புல் வளர்ந்து, விமானத்தின் உருவத்தை ஒட்டி வெட்டாமல் விட்ட பச்சை ஓரம், இறக்கையின் முன் விளிம்பில் எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மொட்டை, எஞ்சின் போனதால் வால் தரையைத் தொட்டு மூக்கு நிமிர்ந்த நிழல், நிழலில் வாலின் பின்பாதி காணாமல் போயிருப்பது, ஈரமான தீவுகளில் வெள்ளை முதுகு வருஷா வருஷம் சாம்பல் பச்சையாகக் கறுப்பது. ஒரு படத்தில் இருந்த வால் அடுத்த படத்தில் இல்லை என்றால் உறுதியாகிவிட்டது, கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

படி 4: எந்த விமானம் என்று அளந்து பார்ப்பது

இறக்கை நுனி முதல் நுனி வரை ஓர் அளவு, மூக்கு முதல் வால் வரை ஓர் அளவு. வெள்ளைப் பெயின்ட் வெயிலில் பொங்கி, ஓரம் ஒன்றிரண்டு புள்ளி பெருத்துத் தெரியும். ஆகவே ஒரு மீட்டர் கூடக்குறைய இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி எதிர்ப்படுபவை:

டிசி-3: இறக்கை சுமார் 29 மீட்டர், நீளம் 19.7.
சி-46: இறக்கை 32.9, நீளம் 23.3.
போயிங் 737-200: இறக்கை 28.4, நீளம் 30.5.
போயிங் 727-200: இறக்கை 32.9, நீளம் 46.7.
ட்ரைடென்ட் 2இ: இறக்கை 29.9, நீளம் 35.
சூப்பர் கான்ஸ்டலேஷன்: இறக்கை 37.5, நீளம் 34.6.

டிசி-3-யும் 737-200-உம் இறக்கை அளவில் கிட்டத்தட்ட ஒன்று என்பதைக் கவனியுங்கள். நீளத்தையும் சேர்த்தால்தான் பிரியும். எண்ணைவிட வடிவம் சில சமயம் வேகமாகக் காட்டிக்கொடுக்கும். கான்ஸ்டலேஷனுக்கு மூன்று வால். 727-க்கும் ட்ரைடென்டுக்கும் இறக்கையில் எஞ்சினே இல்லை, எல்லாம் பின்னால், கிடைமட்ட வால் உச்சியில்.

உயரம் வேண்டுமென்றால் நிழலை அளவிடுங்கள். நிழலின் நீளத்தைச் சூரிய உயரக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்கினால் பொருளின் உயரம். தேதியும் இடமும் தெரிந்தால் கோணத்தைச் சூரிய நிலைக் கணிப்பான் எதிலும் எடுக்கலாம். இந்தச் சாட்டிலைட்டுகளில் பல காலை பத்தரை மணியை ஒட்டிக் கடப்பவை என்பதால் அந்த நேரத்தை வைத்துத் தொடங்குங்கள், நிழலின் திசை பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். 727-இன் வால் உச்சி 10 மீட்டருக்குச் சற்று மேல். கோணம் 60 பாகை என்றால் அதன் நிழல் ஏறத்தாழ 6 மீட்டர் வரும். டிசி-3-க்கு அதில் பாதிதான்.

அளவுப் பயிற்சிக்கு நிகோசியாவின் ட்ரைடென்ட் சிறந்தது. விடை தெரிந்த கணக்கு அது. உடைந்த விமானத்தில் கண்ணைச் சோதிக்க ஐஸ்லாந்தின் சோல்ஹெய்மாசாண்டுர் கடற்கரைக்குப் போங்கள். 1973 நவம்பரில் அமெரிக்கக் கடற்படையின் சி-117 அங்கே இறங்கிவிட்டது, ஏறியவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். வாலும் வெளி இறக்கைகளும் இல்லாமல் கறுப்பு மணலில் ஒரு வெளிறிய குழாய்த் துண்டு மட்டும் மிச்சம். இதைப் பெயர்க்குறி உதவியில்லாமல் கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

படி 5: ஏமாற்றுபவை

கடலுக்கு மேலே ஒரு விமானம் நீல, சிவப்பு, பச்சை நிழல்களோடு மங்கலாகத் தெரிந்தால் அது மூழ்கியது அல்ல, பறந்துகொண்டிருப்பது. சாட்டிலைட் ஒவ்வொரு நிறத்தையும் இம்மி நேர வித்தியாசத்தில் பதிவு செய்கிறது. அதற்குள் விமானம் நகர்ந்துவிடுவதால் நிறங்கள் பிரிகின்றன. 2014-இல் மலேசிய விமானம் எம்எச்370 காணாமல் போனபோது லட்சக்கணக்கானோர் இணையத்தில் சாட்டிலைட் படங்களைச் சலித்தார்கள். பிந்தைய வருஷங்களிலும் "கண்டுபிடித்துவிட்டோம்" என்று வந்த படங்களில் பல, இப்படிப் பறந்துகொண்டிருந்த வேறு விமானங்கள்தான்.

அமெரிக்கப் பெண் விமானி அமேலியா எர்ஹார்ட் 1937 ஜூலையில் பசிபிக்கில் காணாமல் போனார். அவருடைய விமானம் என்று 2024 ஜனவரியில் ஒரு சோனார் படம் (கடலடியில் ஒலியலையால் எடுப்பது) உலகச் செய்தியானது. அதே வருஷம் நவம்பரில் நெருங்கிப் பார்த்தால் பாறை. பல கோடி ரூபாய்க் கருவியே ஏமாறும்போது, நம் திரையில் தெரியும் பவளப்பாறையைப் பற்றி நிதானமாகவே பேசுவோம். தண்ணீருக்குள் தெரியும் எதையும், இறக்கையும் உடலும் செங்கோணத்தில் சேர்வதும் இரண்டு அளவும் ஏதாவது ஒரு மாடலோடு பொருந்துவதும் உறுதியாகும்வரை நான் குறித்துக்கொள்வதில்லை.

பாலித் தீவில் விமான நிலையத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில் முழு 737-கள் நிற்கின்றன. சுற்றுலாக் கவர்ச்சிக்காகக் கொண்டுவந்தவை. நுழைவாயிலில் மேடை போட்டு நிறுத்தியவையும் இந்த வகைதான்.

படி 6: உறுதி செய்து குறித்துவைப்பது

படத்தில் பதிவெண் தெரியாது. அதற்கு ஜெட்போட்டோஸ், ஏர்லைனர்ஸ் மாதிரியான புகைப்படத் தொகுப்புகளில் அந்த விமான நிலையத்தின் பெயரையும் மாடலையும் போட்டுத் தேடுங்கள். போர்க்கால விமானம் என்றால் பசிபிக் ரெக்ஸ் தளத்தில் பாருங்கள். தரையிலிருந்து எடுத்த ஒரு படம் கிடைத்தாலே, பின்னணிக் கட்டிடத்தை வைத்து இடத்தைப் பொருத்திவிடலாம். ஸ்ட்ரீட் வியூ இருந்தால் வேலியோரச் சாலையில் ஒரு சுற்று வாருங்கள்.

இதுவரை யாரும் பதியாத போர்க்காலச் சிதைவு கண்ணில் பட்டால் ஆயத்தொலைவைப் பொதுவில் போடாதீர்கள். உள்ளே வீரர்களின் எச்சம் இருக்கலாம், உலோகம் திருடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நாட்டின் அருங்காட்சியகத்துக்கோ தொல்பொருள் அலுவலகத்துக்கோ எழுதுங்கள்.

ஒவ்வொரு விமானத்துக்கும் கூகுள் எர்த்தில் ஒரு ஊசி குத்தி, அதன் குறிப்புப் பெட்டியில் இவற்றை எழுதிவையுங்கள்: முதலில் தெரிந்த படத்தின் தேதி, கடைசியாகத் தெரிந்த தேதி, அசையாத பொருளிலிருந்து தூரமும் கோணமும், இரண்டு அளவுகள், உங்கள் ஊகம், அந்த ஊகத்தின் மீது உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்படம் வந்திருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள். விமானம் காணாமல் போயிருந்தால் ஊசியை அழிக்காமல், கடைசியாக இருந்த தேதியையும் முதலில் இல்லாத தேதியையும் சேர்த்து எழுதி, நிறத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். இரண்டு தேதிக்கும் நடுவே இடைவெளி பெரிதாக இருந்தால் சென்டினலுக்குப் போய் அந்த வெள்ளைப் புள்ளிகள் எந்த வாரம் மறைந்தன என்று தேடலாம்.